இரண்டு சாமியிடமும் கேட்ட இடம்

நாட்டுக்குப் புதிதாக ஒரு தலைநகர் வரப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் மாமா அந்த இடத்தில் மண் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சில வாரக் கடைசியில் லோரியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவார். அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் பால்மரத் தோட்டம் அது. சக்கரத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கும் சேற்றைக் குச்சியால் பெயர்த்தெடுத்து, "இந்தா புள்ள, தலைநகர் மண்ணு. பத்திரமா வச்சுக்க" என்று என் கையில் தருவார். நான் முகர்ந்து பார்ப்பேன். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்ணின் வாசம்தான் அதிலும் இருந்தது. ஒரு நாட்டின் தலைநகருக்குப் போயும் போயும் இப்படிச் சாதாரண மண்ணையா தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த வருடம்தான் நாங்களும் ஓர் இடம் தேட வேண்டி வந்தது.

தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற செய்தி முதலில் வதந்தியாக வந்தது. பிறகு கணக்கு எழுதும் கிராணியின் வாயிலிருந்தே வந்தது. நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்தது. எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரே இடத்தைக் கேட்டால், அங்கே நிலம் ஒதுக்கி வரிசை வீடுகள் கட்டித் தருவார்கள். ஒத்துவராவிட்டால், நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு அவரவர் வழியைப் பார்க்க வேண்டியதுதான். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்குச் சொந்தமாக மூன்று இடங்கள் இருந்தன. ஒன்று லூபோக் சீனா சாலையில், சுற்றிலும் தோட்டங்கள் உள்ள பக்கம். இன்னொன்று செங்கில், தொழிற்சாலைகளை ஒட்டி. மூன்றாவது டுரியான் துங்காலில், கிழட்டு மரங்கள் நிற்கும் ஒரு சரிவு. அந்த மூன்றாவதை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு இருந்தன. மேட்டு லயத்தில் பெரும்பாலும் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள். பள்ளத்து லயத்தில் வேதக்காரர்கள்; அவர்களுக்கு அந்தோணியார் கோயில் என்று தகரக்கூரை போட்ட ஒரு சிறிய ஜெபக்கூடம் இருந்தது. மேட்டு லயத்துக்காரர்களுக்குப் பால்வெட்டைத் தவிர வேறு வேலை பிடிக்காது, அதனால் லூபோக் சீனா. பள்ளத்து லயத்துப் பிள்ளைகள் அப்போதே தொழிற்சாலை பஸ்ஸில் செங்குக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள், அதனால் செங்.

என் அப்பா மேட்டு லயம். அம்மா பள்ளத்து லயம். நடுவிலிருந்த குழாயடியில் தொடங்கிய சமாச்சாரம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை திருநீறு, ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை. பசித்த நேரத்தில் எந்த லயத்தில் நிற்கிறேனோ அங்கே சாப்பாடு. இது ஒரு வசதியான ஏற்பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா சட்டிப் பானைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தவை ஒரு கோணிச்சாக்கில், அப்பா வீட்டுப் பாத்திரங்கள் இன்னொன்றில். "அவரு அண்ணனோட அங்க போகட்டும். நான் எங்கக்காவோட செங்குக்குப் போறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கத்தி இன்னும் வேகமாகத் தீட்டப்பட்டது. இரண்டு சாக்குகளையும் பார்த்தபடி நின்றேன். என்னை எந்தச் சாக்கில் போடுவார்கள் என்று கேட்கத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் ஆயாக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பகலில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகள் தூளியில் கிடக்கும் இடம் அது. தூளிகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுப் பெரியவர்கள் கீழே உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், முனியாண்டி கோயில் பூசாரி. எதிர்ப்பக்கம் பெரியம்மா, அம்மாவின் அக்கா. பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது பெரியம்மாதான். இரண்டு லயத்திலும் உரத்த குரல் இவர்களுடையதுதான்.

பேச்சு சண்டையாக மாறுகிற நேரத்தில் யாரோ மாமாவிடம், "நாட்டுக்கே எடம் பாத்தாங்களே, அது எப்படிப் பாத்தாங்களாம்?" என்று கேட்டார்கள்.

"பல எடம் பாத்துத்தான் எடுத்தாங்களாம் லா" என்றார் மாமா. "தண்ணி இருக்கா, ரோடு வருமா, மேடு எவ்ளோ, பள்ளம் எவ்ளோ, எல்லாம். கோலாலம்பூருக்கும் புது ஏர்ப்போர்ட்டுக்கும் நடுவுல. கடைசில எடுத்தது என்னா தெரியுமா? நம்ம மாதிரி தோட்டம். பால்மரம், செம்பனை, லயம், கோயிலு."

"தோட்டத்த எதுக்கு எடுக்கணும்?"

"கிராமத்து ஆளுங்க சொந்த வீடு கட்டிக்கிட்டு இருக்கற கம்போங்கா இருந்தா வீட்டுக்கு வீடு போயி பேசணும். தோட்டம்னா மொதலாளிகிட்ட பேசினாப் போதும்ல."

பெரியப்பா நிமிர்ந்தார். "அங்க இருந்த சனத்தக் கேக்கலியா?"

"கேட்டாங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாது மச்சான். நான் போறப்பவே லயம் காலி. எங்கயோ அடுக்குமாடில வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. ஒரு வீட்டுப் பின்னால முருங்க மரம், காய் காயாத் தொங்குது. பறிக்க ஆளில்ல. நான்தான் பறிச்சுக் கேண்டீன்காரன்கிட்ட குடுத்தேன்."

எனக்கு இந்தக் கதையில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. பந்தயத்தில் முதலாவதாக வந்த தோட்டம் என்றுதான் பட்டது. "நம்ம தோட்டத்தயும் எடுத்துக்கச் சொல்லுங்க மாமா" என்றேன். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"காச வாங்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போனா, நாளைக்கு நம்மளயும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள் பெரியம்மா. பெரியப்பா அதற்குத் தலையாட்டினார். அவர் பெரியம்மாவின் பேச்சுக்குத் தலையாட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆக, எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. எந்த இடம் என்பது முடிவாகவில்லை.

"பூக்கட்டிப் பாப்போம்" என்றார் பெரியப்பா. "முனியாண்டி சொல்லட்டும்."

"ஒங்க முனியாண்டிக்கு செங்கு எந்தப் பக்கம்னு தெரியுமாண்ணே? அவரு இந்தத் தோட்டத்த விட்டு வெளிய போனதே இல்லியே."

"ஒங்க அந்தோணியாரு பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வந்துட்டாராக்கும்."

"காணாமப்போனதத் தேடிக் குடுக்கறவரு அவரு. எடத்தயும் அவரே காட்டுவாரு."

கடைசியில் இரண்டு பேரிடமும் கேட்பது என்றானது. வெள்ளிக்கிழமை முனியாண்டியிடம், ஞாயிற்றுக்கிழமை அந்தோணியாரிடம். "ரெண்டு பேரும் வேற வேற சொல்லிட்டா?" என்று மாமா கேட்டார். "சாமிங்க என்னா நம்மள மாதிரியா சண்ட போடப் போறாங்க" என்றாள் பெரியம்மா. அதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. இரண்டு லயமும் ஒத்துக்கொண்ட இரண்டாவது விஷயம் அது. அது தப்பாகப் போனது.

பூ எடுக்கச் சின்னப் பெண் வேண்டும். பெரிய யோசனை ஏதும் நடக்கவில்லை. "இவதான் ரெண்டு பக்கமும் சோறு தின்னவ" என்று என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பால்வெட்டு முடிந்து எல்லாரும் முனியாண்டி கோயில் முன்னால் கூடினார்கள். சிவப்புச் செம்பருத்தி வந்தால் லூபோக் சீனா, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் செங். பெரியப்பாவே கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டுவந்து சாமி காலடியில் வைத்தார். "நல்லா கும்பிட்டுட்டு எடும்மா" என்றார் அப்பா. நான் இடத்தைப் பற்றி எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. இரண்டு சாக்கும் ஒரே லோரியில் ஏற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை.

மேட்டு லயத்துக்காரர்கள் பெரியப்பாவைப் பார்த்தார்கள். வேலி ஓரமாக நின்றிருந்த பள்ளத்து லயத்துக்காரர்கள் சிரிக்கத் தொடங்கி, இடம் சரியில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். "சாமியே சொல்லிட்டாரு. நான் என்னா செய்யிறது?" என்றார் பெரியப்பா. தோற்ற ஆளின் குரலாக அது இல்லை. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சாமி காலடியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அதைச் சரியாக நகர்த்தி வைக்கச் சொன்னார்கள். நகர்த்தும்போது நார் நெகிழ்ந்து இலை கொஞ்சம் திறந்துகொண்டது. அதற்குள்ளும் நந்தியாவட்டைதான் இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் ஏதும் தோன்றவில்லை. இரண்டிலும் ஒரே பூ வைத்தால்தானே நியாயம் என்று நினைத்து, இலையை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் மேட்டு லயத்துக்காரர்களும் வந்து வாசலில் நின்றார்கள். அறுந்துபோன பழைய ஜெபமாலைகளிலிருந்து பெரியம்மா மணிகளை எடுத்துவைத்திருந்தாள். நீல மணி வந்தால் செங். பழுப்பு மணி வந்தால் லூபோக் சீனா. இரண்டையும் தன் சுருக்குப்பையில் போட்டு என் முன்னால் நீட்டினாள். நான் கையை விட்டு ஒன்றை எடுத்தேன்.

பழுப்பு.

இந்தமுறை பள்ளத்து லயத்துக்காரர்கள் பெரியம்மாவைப் பார்த்தார்கள். "அந்தோணியாரே சொன்னப்புறம் நான் பேச என்னா இருக்கு?" என்றாள் பெரியம்மா. அவள் கயிற்றை இழுத்து மூடுவதற்குள் பைக்குள் எட்டிப்பார்த்தேன். உள்ளே கிடந்த மணியும் பழுப்பு. சரி, இங்கேயும் நியாயமாகத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரியப்பா பெரியம்மாவையே பார்த்தார். கூட்டம் கலைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் பார்வையை எடுக்கவில்லை. அடிதடி வரப்போகிறது என்று நினைத்து அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆயாக்கொட்டகையில் நடந்ததை என்னவென்று சொல்வது? ஆட்கள் அதே ஆட்கள், சண்டையும் அதே சண்டை. ஆனால் பக்கம் மாறிவிட்டது. முனியாண்டியே செங் என்று சொல்லிவிட்டதால் மேட்டு லயத்துக்காரர்கள் செங்குக்குத்தான் போக வேண்டும் என்று கத்தினார்கள். அந்தோணியார் வார்த்தையை மீற முடியாது, லூபோக் சீனாதான் என்று பள்ளத்து லயத்துக்காரர்கள் கத்தினார்கள்.

"நீங்க ஆசப்பட்ட எடத்துக்கே போவோம்னு சொல்றோம்ல. அப்பறம் என்னா?"

"வேணாம். நீங்க ஆசப்பட்ட எடத்துக்குத்தான் போகணும். சாமி குத்தம் எங்களுக்கு வேணாம்."

விட்டுக்கொடுப்பதற்கும் இவ்வளவு கூச்சல் போட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மாமா அன்று புறப்பட்டிருக்க வேண்டியவர். லோரிப் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "பொட்டலத்துல ரெண்டும் வெள்ளப் பூதான் மாமா. பைக்குள்ளயும் ரெண்டும் பழுப்பு மணிதான். அப்பறம் ஏன் சண்ட போடறாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் வரவில்லை. பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல."

"கேட்டாலும் சொல்லாத. ரெண்டு சாமிக்கும் மரியாத இல்லாமப் போயிரும்." சிகரெட்டைக் காலால் தேய்த்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார்.

"ஆஸ்திரேலியாவுல என்னா செஞ்சாங்க தெரியுமா?" என்று அவர் ஆரம்பித்தபோது கூட்டம் எரிச்சலோடு திரும்பியது. "அளவெடுக்கற ஆளு ஒருத்தர் எங்க சைட்டுல சொன்னாரு. அங்க ரெண்டு பெரிய ஊரு. ரெண்டும் எனக்குத்தான் தலைநகர் வேணும்னு அடிச்சுக்கிச்சாம். கடைசில ரெண்டு ஊருக்கும் இல்லாம, நடுவுல ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்த எடத்துல கட்டிட்டாங்களாம்."

"இப்ப எங்கள ஆட்டுப்பட்டிக்குப் போகச் சொல்றியா?" என்றார் பெரியப்பா.

"டுரியான் துங்காலுக்குப் போகச் சொல்றேன் மச்சான்."

வரைபடத்தில் பார்த்தால் டுரியான் துங்கால் இரண்டுக்கும் நடுவில் இல்லை. ஆனால் இரண்டு லயத்துக்கும் சரிசமமாக எரிச்சல் தந்த இடம் என்ற வகையில் அது நடுதான். அங்கே தோட்ட வேலையும் குறைவு, தொழிற்சாலையும் தூரம். அணைக்கட்டு வேறு இருக்கிறது, உடைந்தால் முதலில் போவது நாம்தான் என்று ஒருவர் சொன்னார். காய்கறி, மீன் வாங்க ஒழுங்கான பாசார்கூடக் கிடையாது என்றார் இன்னொருவர்.

"அங்க என்னாதான்டா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் சொல்றேன். ரெண்டு சாமியும் ரெண்டு எடத்தச் சொல்லுதுன்னா, பொதுவா ஒரு எடத்தப் பாருங்கடான்னுதானே அர்த்தம்?"

"ஒண்ணுமில்லாத எடம்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. ஒன்னோட தலைநகர்லயும் முருங்க மரம் இருந்திச்சுன்னு நீதான சொன்ன?" என்றாள் பெரியம்மா.

"அங்க இருந்தது வேற ஆளுங்களோடது அக்கா. இங்க நாம போயி நட்டாத்தான் உண்டு."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி என்னா சொல்லுது?"

"அண்ணன் சரின்னா எங்களுக்கும் சரிதான்."

அவ்வளவுதான். இத்தனை நாள் நடந்த சண்டை, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரத்தில் முடிந்துபோனது. வீட்டுக்குப் போனதும் அம்மா சாக்குகளைக் கவிழ்த்துச் சட்டிகளைப் பழைய பலகையில் அடுக்கினாள். அப்பா எடுத்துக்கொடுத்தார். எந்தப் பாத்திரம் யாருடையது என்று இருவரும் பார்க்கவில்லை.

டுரியான் துங்கால் எங்களை வரவேற்றது என்று சொன்னால் பொய். வீடுகள் கட்டி முடிக்கத் தாமதமாயிற்று. முடிந்த பிறகும் கூரை ஒழுகியது. ஆரம்பத்தில் தண்ணீர் லோரியில்தான் வந்தது. அப்பா அடுத்தவர் மரங்களில் கூலிக்குப் பால் வெட்டினார், பிறகு ஒரு தொழிற்சாலையில் காவலுக்குப் போனார். அம்மா விடியுமுன் எழுந்து யாருடைய மோட்டாரிலாவது தொற்றிக்கொண்டு செங்குக்கு வேலைக்குப் போனாள். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். ஆனால் முருங்கை வந்தது. பின்னால் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழக வளாகம் வந்தது, சாலை அகலமானது. எங்கள் வரிசையில் பாதிப் பேர் இப்போது மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார்கள். அப்பாவின் தங்கை பேத்தி அதே வளாகத்தில் படிக்கிறாள். தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பின் ஒரு முனையில் முனியாண்டி, மறுமுனையில் அந்தோணியார். இருவரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நான்தான் அங்கே தங்கவில்லை. ஓர் இடத்தில் நிற்காத கால் எனக்கு. ஜொகூர், சிங்கப்பூர், பினாங்கு என்று கிடைத்த வேலையைப் பார்த்தேன். புதிய தலைநகரிலேயே சில மாதங்கள் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்திருக்கிறேன். ஏரியும் பாலங்களும் அழகாகத்தான் இருந்தன. தரை அவ்வளவு சுத்தம், மண்ணைத்தான் பார்க்க முடியவில்லை. ஜொகூரில் பூக்கடை ஒன்றில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, செம்பருத்தி ஒரு தட்டிலும் நந்தியாவட்டை ஒரு தட்டிலும் எதிரே இருந்தபோது, கை அப்படியே நின்றுவிட்டது. பூவைக் கட்டியவர் பெரியப்பா. மணியைப் போட்டவள் பெரியம்மா. அவரவர் ஆட்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவரவர் சாமியைச் சொல்லவைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர் விட்டுக்கொடுத்தது பெரியம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும்; பதிலுக்கு அவளும் விட்டுக்கொடுப்பாள் என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

குடிபெயர்ந்த நாளன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. மாமா லோரியைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு லயத்துச் சாமான்களும் ஒன்றாக ஏறின. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே கிடைத்த பலகையில் பெரியப்பா ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா ஏற முடியாமல் தடுமாறியபோது அவர் கை நீட்டினார். அவள் பிடித்து ஏறி மறுமுனையில் உட்கார்ந்தாள். பெரியப்பா ரோட்டைப் பார்த்தார், பெரியம்மா மரங்களைப் பார்த்தாள். இன்னும் கோபம் தீரவில்லைபோல, வழியில் எங்காவது மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்து, மூட்டைகளைத் தாண்டிப் போய் நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். டுரியான் துங்கால் வரும்வரை இருவர் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, சண்டை வராமல் காவல் காத்தேன்.